யாரும் மறிக்காத பாலம்

பாரிசில், லா சப்பல் மெத்ரோ நிலையத்தின் படியடியில் பயணச்சீட்டுப் பரிசோதகர்கள் நிற்கும் நாட்களில் என் கால்கள் தாமாகவே மற்றப் பக்கத்து வாசலுக்குத் திரும்பிவிடுகின்றன. கைப்பைக்குள் மாதாந்தப் பயண அட்டை இருக்கிறது, இந்த மாதத்துக்கானதுதான். அதற்குப் பின்னால் பிரெஞ்சு அடையாள அட்டையும் இருக்கிறது. ஒளிக்க வேண்டியது எதுவும் என்னிடம் இல்லை. இருந்தாலும் அந்தச் சீருடைகளைக் கண்டதும், எதையோ வீட்டில் மறந்துவிட்டு வந்தவள்போல நின்று, பையைத் துழாவிவிட்டுத் திரும்பி நடக்கிறேன். நான் மட்டுமல்ல. உரத்துக் கதைத்துக்கொண்டு வரும் எங்கள் ஆட்கள் இருவர், அவர்களைக் கண்டவுடன் பேச்சை நிறுத்தி, அறிமுகமில்லாதவர்கள்போலப் பிரிந்து, வெளியே மரக்கறிக் கடையடியில் மீண்டும் சேர்ந்து, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதே நேரம் எங்களுக்குப் பின்னால், சீட்டே எடுக்காமல் தடுப்பைத் தாண்டிக் குதித்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் பரிசோதகர்களோடு நெஞ்சை நிமிர்த்தி வாதாடிக்கொண்டிருப்பார்கள். சீட்டு உள்ளவர்கள் ஒளிக்கிறோம். இல்லாதவர்கள் சண்டை பிடிக்கிறார்கள். ஊரிலிருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. யாருக்கும் தீங்கில்லாத பழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்த இலையுதிர்காலத்தில் என் மகள் காரில் மெக்சிக்கோவுக்குப் போனாள். என்னுடைய இந்தப் பழக்கமும் அவளோடு ஏறிப் போயிற்று.

மெலனி எங்கள் ஒரே பிள்ளை. சென்-தெனியில் பிறந்து, நாங்கள் இருக்கும் பாரிஸ் புறநகரான கூசேன்வில்லில் வளர்ந்தவள். நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். அதற்காக இப்போது அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்ரோனியோ நகரில் இருக்கிறாள். அவளோடு ஒரே ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் லுப்பே என்ற மெக்சிக்கோப் பெண்ணுக்கு, அவளது சொந்த ஊரான சல்தீயோவில் கல்யாணம். மணப்பெண் முன்கூட்டியே விமானத்தில் போய்விட்டாள். சான் அன்ரோனியோவில் தைக்கக் கொடுத்த கல்யாண உடுப்பு அதற்குள் தைத்து முடியவில்லை. அதை வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை மெலனி எடுத்துக்கொண்டாள். பிரான்சிலிருந்து அங்கே படிக்கப் போயிருக்கும் கமீய் என்ற தோழியோடு, தன்னுடைய பழைய காரில், சனிக்கிழமைக் கல்யாணத்துக்கு வியாழக்கிழமை புறப்படுவதாகச் சொன்னாள். "பின் சீற்றில உடுப்பு, முன் சீற்றில நாங்கள்," என்றாள், பக்கத்துத் தெருவுக்குப் பாண் வாங்கப் போவதுபோல. அன்றைக்கே எனக்கு நித்திரை போயிற்று.

எல்லைப்புறத்து ஊர்களில் நடக்கும் கடத்தல்கள், ஆட்களை மறித்துக் காரைப் பறிப்பது, வெறும் வீதிகள் என்று இணையத்தில் என்னென்ன உண்டோ அத்தனையையும் வாசித்தேன். வாசித்ததையெல்லாம் அவளுக்கு அனுப்பினேன். லா கூர்னெவ்வில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்யும் என் கணவர், சாப்பாட்டு மேசையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கார் ஓடப்போறது அவள். நீ ஏனப்பா இஞ்சை இருந்து பிறேக் அமத்துறாய்?" என்று கேட்டார். ஒருநாள் பின்னேரம், லா சப்பலில் முருங்கைக்காய் வாங்க நின்றபோது, மெலனியிடமிருந்து ஒரு படம் வந்தது. தொலைபேசி வரைபடத்தின் படம். அதில் ஒரு நீலக்கோடும் இரண்டு சாம்பல் கோடுகளும் சான் அன்ரோனியோவிலிருந்து கிளம்பி, வெவ்வேறு இடங்களில் ஒரு ஆற்றைக் கடந்து, சல்தீயோவில் வந்து சேர்ந்தன. கீழே குரல்செய்தி: "அம்மா, மூண்டு பாதை இருக்கு. நீங்களே ஒண்டைத் தெரிவு செய்யுங்கோ. நீங்கள் சொல்லுற பாதையாலதான் போவன். ப்றொமி. ஆனா அதுக்குப் பிறகு கடத்தல் கதை ஒண்டும் அனுப்பக்கூடாது." அவள் சத்தியம் செய்து கொடுத்துவிட்டாள். அந்தக் கோடுகளில் ஒன்று இனி என்னுடைய பொறுப்பு.

நான் புவியியல் படித்தவள். நாட்டைவிட்டு வருவதற்கு முன் மன்னாரில் கொஞ்சக் காலம் அதைப் படிப்பித்தும் இருக்கிறேன். இப்போது றொய்சி விமான நிலையப் பக்கம் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை. பெட்டிகள் எந்த நகரத்தால் எந்த நகரத்துக்குப் போகவேண்டும் என்று பார்த்துப் பதிவது. பாதை பார்ப்பது என் தொழில் என்றுகூடச் சொல்லலாம். பயத்தோடுதான் அந்தப் படத்தை மேசையில் விரித்தேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் பயம் ஒரு பக்கம் இருக்க, பழைய ஆசை தலைதூக்கிவிட்டது. ஒரே ஆற்றுக்கு ஒரு கரையில் ஒரு பெயர், மறுகரையில் இன்னொரு பெயர். அமெரிக்கக் கரையில் லாரெடோ என்று ஒரு ஊர், எதிர்க்கரையில் நுவேவோ லாரெடோ, அதாவது புது லாரெடோ. முன்பு எல்லை நகர்ந்து வந்தபோது, மெக்சிக்கோவிலேயே இருக்க விரும்பிய சனங்கள் ஆற்றைக் கடந்து போய் அதே பெயரில் மறு ஊரைக் கட்டினார்களாம். போகும்போது முன்னோரின் எலும்புகளையும் தோண்டி எடுத்துக்கொண்டு போனார்கள் என்று ஒரு கதை உண்டு. இதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். "எங்கடை ஆக்கள் மாதிரித்தான்," என்றார், "நாங்கள் கறிவேப்பிலைக் கண்டைக் கொண்டு வந்தம்."

மூன்று பாதைகளையும் ஒரு கிழமையாகப் படித்தேன். முதலாவது, லாரெடோ ஊருக்குள்ளால் போய், நெரிசலான பாலத்தால் ஆற்றைக் கடந்து, மறுகரை ஊரின் நடுவால் போவது. அது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது, மேற்கே வெகு தூரம் சுற்றி, ஊர்கள் அதிகம் இல்லாத வரட்சி நிலத்தால் இறங்குவது. பார்க்க அழகான கோடு, ஆனால் கார் பழுதுபட்டால் கேட்க ஆளில்லை. மூன்றாவது, லாரெடோவுக்கு வெளியே, பெரும்பாலும் சரக்கு லொறிகள் போகிற ஒரு பாலத்தால் கடந்து, மறுகரை ஊரைத் தொடாமல் கட்டண நெடுஞ்சாலையில் ஏறி மொந்தெர்ரே பக்கமாகப் போவது. செய்மதிப் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்து, எந்த இடத்தில் எண்ணெய் நிலையம் இருக்கிறது, எந்த இடத்தில் தெரு வளைகிறது என்பது வரை பார்த்துவிட்டேன். மூன்றாவதுதான் சரி என்று மனம் சொன்னது. ஆனாலும் அந்த வழியால் போன ஒருவரைக் கேட்காமல் தீர்மானிக்க என்னால் முடியவில்லை. எங்கள் பழக்கம் அது. வரைபடம் சொல்வதைவிட, போய்ச் சேர்ந்த ஆள் சொல்வதைத்தான் நம்புவோம். அந்த நம்பிக்கையில்தானே எல்லாரும் இங்கே வந்து சேர்ந்தோம்.

லா சப்பலில் முன்பின் தெரியாத இரண்டு தமிழர் சந்தித்தால் முதலில் ஊரைக் கேட்பார்கள். அடுத்தது, "எதால வந்தனீங்கள்?" என்று கேட்பார்கள். மொஸ்கோவாலா, ஆபிரிக்காவாலா, இத்தாலியாலா என்று அர்த்தம். அந்த மறுமொழியே சிலருக்குப் பெயராகவும் ஒட்டிவிடும். அங்கே ரூ லூயி-பிளாங்க் என்ற தெருவில் சின்னதாக ஒரு தொலைபேசிக் கடை வைத்திருக்கும் குலேந்திரன் அண்ணைக்கு அப்படி ஒட்டிய பெயர்தான் மெக்சிக்கோ குலம். இளவயதில் கனடாவுக்குப் போவதற்காக மெக்சிக்கோ வழியாக அனுப்பப்பட்டு, அமெரிக்க எல்லையில் பிடிபட்டு, திருப்பி அனுப்பப்பட்டு, இரண்டாவது முயற்சியில் பாரிசுக்கு வந்து நின்றவர். மெக்சிக்கோவைப் பற்றிச் செய்தியில் எது வந்தாலும், உதைபந்தாட்டமோ பூமியதிர்ச்சியோ, சனம் அவரிடம்தான் விளக்கம் கேட்கும். அவரும் சொல்லுவார். நான் படிப்பித்தவள் என்பதால் என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

வரைபடத்தைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"ரீச்சர், பெரிய றோட்டைத் தொடவே கூடாது. பெரிய றோட்டிலதான் செக்கிங்."

"அண்ணை, அவளிட்டைப் பிரெஞ்சுப் பாஸ்போட் இருக்கு."

"இருக்கட்டுமன். பாஸ்போட் இருந்தால் மட்டும் விடுறாங்களே? முகத்தைப் பாத்துத்தான் கேப்பாங்கள்."

"பெரிய றோட்டில பொலிஸ் நிக்கும், அதுதான் பாதுகாப்பு எண்டு பிள்ளை சொல்லுது."

குலம் அண்ணை என்னை நிமிர்ந்து பார்த்தார். பொலிஸ் நிற்பதால் பாதுகாப்பு என்ற சொல் அந்தச் சின்னக் கடைக்குள் எங்கள் இருவருக்கும் நடுவில் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் சிரித்தார். "எங்கடை பிள்ளையள் வேற சாதி மனிசர் ரீச்சர். சரி, பெரிய றோட்டாலயே போகட்டும். ஆனா ரெண்டு விஷயம் சொல்லி விடுங்கோ. மறிச்சால் ஒழிய நிக்கக்கூடாது. கேட்டால் ஒழிய வாய் திறக்கக்கூடாது. தானாப் போய் ஒரு அரசாங்கக் கந்தோருக்குள்ளையும் காலை வைக்கக்கூடாது. இவ்வளவும் காணும், உலகத்தைச் சுத்தலாம்."

இரண்டு என்று தொடங்கி மூன்று சொன்னார். மூன்றும் எனக்குப் புதிதல்ல. ஊரிலிருந்து என்னை அனுப்பிய முகவர்களும் இதைத்தான் சொல்லி அனுப்பினார்கள். அதைக் கடைப்பிடித்துத்தான் நான் உயிரோடு இந்த ஊரில் இருக்கிறேன். அன்று மாலையே மெலனியை அழைத்து, மூன்றாவது பாதை என்று சொன்னேன். அவளுக்குச் சந்தோசம், அவளும் அதையேதான் நினைத்திருந்தாளாம். பிறகு குலம் அண்ணையின் மூன்று விதிகளையும் என்னுடையவைபோலச் சொன்னேன். "எல்லையில ஏதோ பத்திரம் எடுக்கோணும் எண்டு லுப்பே சொன்னவள், அம்மா," என்றாள். "கேட்டால் எடு," என்றேன். "கேக்காட்டி நீயாப் போய் இல்லாத பிரச்சினையை உண்டாக்காதை." "தக்கோர், அம்மா," என்று பிரெஞ்சில் சரி சொன்னாள். அப்போது அவள் வாதாடியிருக்கவேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். சின்ன வயதிலிருந்தே எல்லாவற்றுக்கும் வாதாடுகிற பிள்ளை, இந்த ஒன்றில் மட்டும், தாய்க்குத் தெரியும் என்று நம்பிவிட்டாள்.

அந்த வியாழக்கிழமை வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் லா சப்பலுக்கு வந்தேன். எங்களுக்கும் அவளுக்கும் ஏழு மணித்தியால வித்தியாசம். அவளுடைய காலை, எங்களுடைய பின்னேரம். அவள் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளி என் தொலைபேசியில் நகர்ந்துகொண்டிருந்தது. அதைத் தனியே பார்த்துக்கொண்டிருக்கப் பயமாக இருந்ததால் குலம் அண்ணையின் கடைக்குப் போனேன். அவர் வாடிக்கையாளர் ஒருவருக்குக் கைபேசிக் கண்ணாடி மாற்றிக்கொண்டே, "எங்கை நிக்கிறா?" என்று கேட்டார். "ஆத்தடியில." கண்ணாடி மாற்ற வந்தவரும் எட்டிப் பார்த்தார். புள்ளி ஆற்றின் மேல் வந்தது. பாலத்தின் நடுவில் கொஞ்சம் நின்றது. பிறகு மறுகரையில் இருந்தது. உடனேயே செய்தி வந்தது: "பச்சை லைட் விழுந்தது அம்மா! போகச் சொல்லிக் கையைக் காட்டினாங்கள். ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை!" நான் அதை உரக்க வாசித்தேன். குலம் அண்ணை, "நான் சொன்னன்தானே," என்று சொல்லிவிட்டு, பக்கத்துச் சாப்பாட்டுக் கடையிலிருந்து எல்லாருக்கும் தேத்தண்ணியும் வடையும் எடுப்பித்தார். யாரும் எதையும் கேட்காமல் எங்களில் ஒருத்தி ஒரு எல்லையைக் கடந்துவிட்டாள். கண்ணாடி மாற்ற வந்தவர்கூட எனக்குக் கைகொடுத்தார்.

வடை தின்று முடிப்பதற்குள் புள்ளி நின்றுவிட்டது. ஆற்றைத் தாண்டி உள்ளே கொஞ்ச தூரத்தில், ஊர் இல்லாத இடத்தில், நெடுஞ்சாலையின் மேல். எண்ணெய் அடிக்க நின்றிருப்பாள் என்று நினைத்தேன். அந்த இடத்தில் எண்ணெய் நிலையம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தத் தெருவை நான் அங்குலம் அங்குலமாகப் பார்த்திருக்கிறேன். செய்தி அனுப்பினேன். ஒற்றைக் குறிதான் விழுந்தது, போய்ச் சேரவில்லை. அழைத்தேன். மணி அடிக்கவில்லை. செய்மதிப் படத்தைப் பெருப்பித்தேன். மண்ணிறத் தரை, அதற்குக் குறுக்கே தெரு, தெருவின் மேலே ஒரு நீளமான கூரை. எண்ணெய் நிலையத்தைத் தேடியவள் இந்தக் கூரையைப் பொருட்படுத்தாமல் விட்டிருக்கிறேன். குலம் அண்ணை எட்டிப் பார்த்தார். அவருக்கு அந்தக் கூரை என்னவென்று உடனே விளங்கிவிட்டது. கடைக் கதவில் தொங்கிய அட்டையைத் திருப்பி, பூட்டியிருக்கிறது என்று வைத்துவிட்டு வந்து என் முன்னால் இருந்தார்.

"அண்ணை, உந்த இடம் எப்பிடி இருக்கும்? நீங்கள் உந்த றோட்டாலதானே போனனீங்கள்? பக்கத்தில வீடு வாசல் இருக்குமோ?"

அவர் மேசையில் கிடந்த சின்னத் திருகாணிகளை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் மெக்சிக்கோவில ஒரு றோட்டும் பாக்கேல்லை, ரீச்சர்."

"என்ன சொல்லுறீங்கள்?"

"முதல் ஒரு பஸ். திரை மூடினது. இழுத்துப் பாத்தால் அடிப்பன் எண்டு சொன்னவன். பிறகு ஒரு வான், வெங்காயச் சாக்குக்குப் பின்னால. மெக்சிக்கோ எண்டால் எனக்கு வெங்காய மணம்தான். வேற ஒண்டும் தெரியாது."

"அப்ப ஏன் அண்ணை எல்லாருக்கும் சொல்லுறீங்கள்?"

"கேக்கினம், சொல்லுறன். பேரையும் வைச்சிட்டாங்கள்."

அவர்மேல் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஏனென்றால் நானும் அப்படித்தான். உக்ரேனிலிருந்து பிரான்சு வரைக்கும் ஐரோப்பாவின் குறுக்காக வந்தவள் நான். படிப்பித்த நதிகளையெல்லாம் கடந்து வந்தவள். எதையும் பார்க்கவில்லை. தார்ப்பாய் போட்ட லொறிக்குள், மரப்பலகைகளுக்கு நடுவில், என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்த, அதற்குப் பிறகு ஒருநாளும் காணாத ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணோடு இருந்தேன். வெளிச்சம் இல்லை. ஆனால் பாலம் ஏறும்போது சக்கரத்தின் சத்தம் மாறும். தெருவின் கனத்த இரைச்சல் போய், கீழே ஒன்றுமில்லாததுபோல் ஒரு வெற்றுச் சத்தம். இணைப்புகளில் தடக், தடக். ஒவ்வொரு தடவை அந்தச் சத்தம் வரும்போதும், இது ஓடர் நதியாக இருக்கும், இது எல்ப் நதியாக இருக்கும் என்று மனதுக்குள் வரைபடத்தில் குறித்துக்கொண்டு வந்தேன். ஒருவேளை அவை வெறும் ஓடைகளாக இருந்திருக்கலாம், தொடருந்துப் பாதைகளாகவும் இருந்திருக்கலாம். அந்தப் பெண் ஒருமுறை, "அக்கா, இப்ப எந்த இடம்?" என்று கேட்டாள். "றைன் நதி," என்றேன். தெரியாதென்று சொல்ல மனம் வரவில்லை. கேட்கிறார்கள், சொல்கிறோம். குலம் அண்ணையும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் புவியியல் படித்திருக்கிறோம்.

என் கணவர் வேலையிலிருந்து நேரே கடைக்கு வந்தார். மூவரும் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே தெருவில் விளக்குகள் எரியத் தொடங்கின. சாப்பாட்டுக் கடைகளில் கொத்துரொட்டி கொத்தும் ஓசை கேட்டது. அவள் சல்தீயோவுக்குப் போய்ச் சேரவேண்டும், அதைத் தவிர எனக்கு இந்த உலகத்தில் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. நான் தெரிவு செய்த பாதை அவளை விழுங்கிவிட்டது என்றே நினைத்தேன். இதை எழுதும்போதும் தொலைபேசித் திரை ஒருமுறை ஒளிர்ந்து அணைந்தால் என் கை எழுத்திலிருந்து விலகி அதன் பக்கம் போகிறது.

புள்ளி திடீரென்று துள்ளியது. துள்ளி, பின்னோக்கி, ஆற்றங்கரையில் போய் நின்றது. அடுத்த நிமிடம் அழைப்பு வந்தது. மெலனியின் குரல் களைத்திருந்தது, ஆனால் அது அவளுடைய குரல். நான் அழத் தொடங்கியதால் கணவர் தொலைபேசியை வாங்கி ஒலிபெருக்கியில் போட்டார். நடந்தது இதுதான். அந்த எல்லையில் பச்சை விளக்கு என்பது சுங்கக்காரர் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை என்பதற்கு மட்டுமே. நாட்டுக்குள் வருகிற முத்திரையையும் காருக்கான அனுமதிப் பத்திரத்தையும் நாங்களாகவே காரை நிறுத்தி, ஓரத்தில் இருக்கும் அலுவலகத்துக்குள் போய்க் கேட்டு எடுக்கவேண்டும். யாரும் மறிக்கமாட்டார்கள், கூப்பிடமாட்டார்கள். அலுவலகத்தின் பெயர்ப்பலகையை மெலனி கண்டிருக்கிறாள். கமீய் நிறுத்தலாமா என்று கேட்டும் இருக்கிறாள். "அம்மா சொன்னவ" என்று மெலனி நிறுத்தாமல் போயிருக்கிறாள். உள்ளே, அந்த நீளக் கூரையின் கீழ் இருந்த சோதனைச்சாவடியில், மறித்தார்கள்.

"கார்ப் பத்திரம் எங்கை எண்டு கேட்டினம். இல்லை எண்டன். முத்திரை எங்கை? இல்லை. ஏன் இல்லை? அதுக்கு என்ன சொல்லுறது அம்மா? நீங்கள் சொன்னமாதிரிக் கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொன்னன். அதால நான் ஒரு கள்ளி மாதிரி இருந்தன்."

கமீயின் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள். மெலனியினதை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். எங்களைப்போன்ற முகங்கள் அந்தத் தெருவால் வடக்கே போவதைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். தெற்கே, அதுவும் சொந்தக் காரில், கல்யாண உடுப்போடு வருவதை அல்ல. எந்த நாடு என்று கேட்டார் மேசையில் இருந்த வயதான அதிகாரி. ஸ்பானிய மொழியில் "பிரான்சியா" என்றாள். அது சரி, அப்பா அம்மா எங்கிருந்து என்றார். "கூசேன்வில்," என்றாள் என் பிள்ளை. அவர் தாளில் அதை எழுதி, எழுத்து எழுத்தாக வாசித்து, அது எந்த நாட்டில் இருக்கிறது என்று பக்கத்து மேசையைக் கேட்டாராம். பக்கத்து மேசைக்காரர் ஆபிரிக்கா என்று சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டு என் கணவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். குலம் அண்ணையும் சிரித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

கடைசியில் கமீய் பொறுமையிழந்து, ஒருவரும் கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம்: லுப்பே யார், எந்தக் கோயிலில் கல்யாணம், உடுப்பு ஏன் பிந்தியது, மெலனியின் தாய் பாரிசிலிருந்து என்ன புத்தி சொல்லி அனுப்பினார் என்பது வரை. உடுப்பைத் திறந்து காட்டவும் சொன்னாளாம். அதிகாரி வெள்ளைப் பையின் இழுவையைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்து, அழகு என்று சொல்லி, மூடிவிட்டு, கோபமில்லாமல் கேட்டாராம்: பாலத்தடியில் எங்கள் கதவு திறந்துதானே இருந்தது, ஏன் உள்ளே வரவில்லை? பிறகு, திரும்பிப் போய்ப் பத்திரங்களை எடுத்துக்கொண்டு வாருங்கள், இருட்டுவதற்கு முன் சல்தீயோவுக்குப் போய்விடலாம் என்று அனுப்பிவிட்டார். கூரையடியில் இருவருடைய தொலைபேசிக்கும் தொடர்பு இருக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது பாலத்தடி அலுவலகத்தில் வரிசையில் நிற்பதாக மெலனி சொன்னாள். "நானே உள்ளுக்கு வந்தன் அம்மா. ஒருத்தரும் கூப்பிடேல்லை. போன்ஜூர் எண்டுதான் வாயில வந்தது." அதற்குப் பிறகு நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டாள். "அம்மா, நீங்கள் எதால வந்தனீங்கள்?" லா சப்பலில் யாரும் யாரிடமும் கேட்கிற கேள்வி. என் பிள்ளை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள். ஊருக்கு வந்ததும் சொல்கிறேன் என்றேன். ஊர் என்று நான் சொன்னது கூசேன்வில்லைத்தான்.

உடுப்பு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த நாள் கமீய் ஓடும் காரிலிருந்து எடுத்த ஒரு காணொளி வந்தது. அதைக் குலம் அண்ணைக்குக் காட்டுவதற்காகவே ரூ லூயி-பிளாங்குக்குப் போனேன். நேரான தெரு. இரண்டு பக்கமும் சாம்பல்பச்சைப் பற்றைகள். கையை விரித்து நிற்பவர்கள்போல் ஒரு வகை முள்மரங்கள். தூரத்தில் மடிப்பு மடிப்பாக நீல மலைகள், அவை கிட்ட வரக் கிட்ட வர மண்ணிறமாக மாறின. ஒரு இடத்தில் தெருவோரம் யாரோ வெங்காயம் விற்றார்கள். அதைக் கண்டதும் அவர் நிறுத்தச் சொன்னார். திரும்பவும் ஓடவிட்டோம். மேலும் இரண்டு தடவை பார்த்தார். "இவ்வளவு வானமோ, ரீச்சர்?" என்று கேட்டார். தன் பெயரில் பாதியாக இருக்கும் நாட்டை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். பாதையைச் சரியாகத்தான் தெரிவு செய்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன். அதில் எப்படிப் போவது என்பதைத்தான் தார்ப்பாய்க்குள் இருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒளித்துப் போனவர்களைக் காப்பாற்றிய அதே மூன்று விதிகள், ஒளிக்கத் தேவையில்லாத ஒரு பிள்ளையை ஒளித்துப் போகிறவள்போல் ஆக்கிவிட்டன. இதில் யாரைக் குறை சொல்வது என்று தெரியவில்லை. குலம் அண்ணை இப்போதும் கேட்பவர்களுக்குச் சொல்லுகிறார். ஆனால் முதலில் என்ன பாஸ்போட் என்று கேட்கிறார்.

நத்தார் விடுமுறைக்கு மெலனி வந்தாள். ஜேர்மனியில், ஸ்ருட்கார்ட்டில் இருக்கும் மச்சாள் வீட்டுக்கு மூவரும் காரில் போனோம். புறப்படும்போது தொலைபேசியை என்னிடம் நீட்டி, "ஷுவாசி, அம்மா," என்றாள். தெரிவு செய்யுங்கோ என்று. வடக்கால் ஒரு கோடு, ஸ்திராஸ்பூர்க்கால் ஒரு கோடு. ஸ்திராஸ்பூர்க் என்றேன். அங்கே றைன் நதிதான் எல்லை. அந்த லொறி எங்கே கடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் வந்த கதையோடு அதையும் அவளுக்குச் சொல்லியிருந்தேன். பாலம் ஏறியதும் மெலனி கேட்காமலே என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டாள். குளிர்காற்று முகத்தில் அடித்தது. கீழே அகலமான சாம்பல் தண்ணீர், ஒரு நீளமான சரக்குப் படகு, கரையில் இலையில்லாத மரங்கள். சக்கரத்தின் சத்தம் மாறியது. தடக், தடக். கணவர் பின்னால் நித்திரை.

மறுகரையில் ஜேர்மன் பொலிசார் நின்றார்கள். இந்த எல்லையில் மீண்டும் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். எங்களுக்கு முன்னால் போன கார்களை மறிக்காமல் விட்டார்கள். எங்களுக்கும் இளம் பொலிஸ்காரன் ஒருவன் போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

"நில்லு," என்றேன்.

"அம்மா, போகச் சொல்லுறார்."

"நில்லு பிள்ளை. காட்டிப்போட்டுப் போவம்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு காரை மெதுவாக அவன் பக்கத்தில் நிறுத்தினாள். நான் என் சிவப்புக் கடவுச்சீட்டை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். அவனுக்கு விளங்கவில்லை. குனிந்து என் முகத்தையும் புத்தகத்தின் அட்டையையும் பார்த்து, வாங்காமலே, சிரித்துக்கொண்டு ஜேர்மன் மொழியில் ஏதோ சொன்னான். பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. வலப்பக்கம் ஒதுக்கி நிறுத்தியிருந்த ஒரு லொறியின் பின்புறத்தில் இன்னொரு பொலிஸ்காரன் தார்ப்பாயின் மூலையைத் தூக்கி, உள்ளே விளக்கு அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மெலனி காரை எடுத்தாள். என் கை கடவுச்சீட்டோடு இன்னும் வெளியேதான் இருந்தது, குளிரில் விறைத்தபடி. நான் கழுத்தைத் திருப்பி, அந்த வெளிச்சம் உள்ளே எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.